எம்.ஐ.டி. முதலாண்டு விடுதி: எதை முதல்ல போடறது?

எடிசன்_அம்மா | ஜூன் 4, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு அமெரிக்காவுல, பாஸ்டன் பக்கத்து எம்.ஐ.டி.-ல இடம் கிடைச்சிருக்கு. ஆகஸ்ட் கடைசியில கொண்டுபோய் விடணும். இப்ப விடுதிக்கு வரிசை கொடுக்கச் சொல்லியிருக்காங்க. மொத்தம் 11 விடுதி. எது முதல், எது ரெண்டாவதுன்னு அவளே எழுதி அனுப்பணும்.

நானும் அவ அப்பாவும் சென்னையில வீட்டுலேர்ந்து பஸ்ஸுல காலேஜ் போனவங்க. எங்களுக்கு ஹாஸ்டல்னா ஒண்ணுமே தெரியாது. அதனால ஒரு எக்ஸெல் போட்டேன். 14 காலம். வகுப்புக்கு எவ்வளவு தூரம், கீழேயே சாப்பாடு உண்டா, குளியலறைக்கு எத்தனை பேரு, கட்டடம் எந்த வருஷத்துது, இப்படி.

அவளைப் பத்தி: சைவம். முட்டை கேக்குல இருந்தா பரவாயில்ல. சின்ன சத்தத்துக்கும் முழிச்சுக்குவா. இதுவரைக்கும் யாரோடயும் அறையைப் பங்கு போட்டதில்ல. சமையல்னா மேகி.

என் எக்ஸெல் சொல்ற வரிசை: மெக்கார்மிக், மசீஹ், நியூ வஸார், பேக்கர், சிம்மன்ஸ், நெக்ஸ்ட். அப்புறம் மத்ததெல்லாம். கடைசி இடம் ரேண்டம் ஹாலுக்கு. பேரே சரியில்ல. இது சரியா?

---

குரோம்பேட்டை_பெரியவர் | ஜூன் 4, இரவு 10:40

தலைப்பைப் பாத்துட்டு நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி.-ன்னு நெனச்சு ஓடி வந்தேன் அம்மா. நான் அங்க படிச்சவன். உள்ள வந்தா பாஸ்டன்! பரவாயில்ல, குழந்தைக்கு ஆசீர்வாதம்.

எங்க காலத்துல வரிசையாவது ஒண்ணாவது. ஒரு சீட்டுல அறை நம்பரை எழுதிக் கையில குடுப்பாங்க. டிரங்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போய்க் கதவைத் தொறந்தா உள்ள ஏற்கெனவே ரெண்டு பேர் உக்காந்து சீட்டு ஆடிட்டு இருப்பான். அவங்கள்ல ஒருத்தன்தான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு உயிர் சிநேகிதன். 14 காலத்துல அதுக்கு ஒரு காலம் இருக்கா?

---

தயிர்சாதம்06 | ஜூன் 5, காலை 7:55

அக்கா, வாழ்த்துகள். அந்த எக்ஸெல்லைக் கொஞ்ச நேரம் மூடி வைங்க. நான் 2002-ல சேர்ந்தவன். சிம்மன்ஸ் தொறந்த வருஷம். எங்க பேட்ச்தான் அங்க முதல் முதல்ல குடி போனது.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகட்டும். ஹார்வர்டுல முதலாண்டு பிள்ளைங்களை எல்லாம் யார்டுங்கிற பழைய வளாகத்துலயும் அதைச் சுத்தியும் இருக்கிற விடுதிகள்ல போட்டுடுவாங்க. எங்கன்னு காலேஜே முடிவு பண்ணும், எல்லாருக்கும் சாப்பாடு ஆனன்பர்க் ஹால்ல. எம்.ஐ.டி. அப்படி இல்ல. முதலாண்டுக்குன்னு தனி விடுதியே கிடையாது. எல்லா விடுதியிலயும் நாலு வருஷத்துப் பிள்ளைங்களும் கலந்து இருப்பாங்க. அதனால ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு குணம் ஒட்டிக்கிட்டு, சீனியர் ஜூனியருக்குக் குடுத்து, அப்படியே ஓடிட்டு இருக்கு. கட்டடத்தை மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது.

முதலாண்டுல எல்லாரும் வளாகத்துலதான் தங்கணும்ங்கிற விதியும் எங்க பேட்ச்லேர்ந்துதான். அதுக்கு முன்னாடி வந்த முதல் வாரத்துலயே பிள்ளைங்க ஃப்ரெட்டர்னிட்டி (மாணவர் சங்கம்) வீடுகளுக்குப் போயிடுவாங்க. 1997-ல முதலாண்டுப் பையன் ஒருத்தன் அப்படி ஒரு வீட்டுல குடிச்சு இறந்து போனான். அதுக்கப்புறம் வந்த மாற்றம் இது. எங்க அப்பா அம்மாவுக்கு அதைக் கேட்டப்புறம்தான் தூக்கம் வந்தது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 11 விடுதியும் ரெண்டு கட்சி. சாப்பாட்டுக்கூடம் உள்ளதுன்னா பேக்கர், மசீஹ், மெக்கார்மிக், நியூ வஸார், நெக்ஸ்ட், சிம்மன்ஸ். இதுல தங்கினா மீல் பிளான் (முன்கூட்டியே காசு கட்டற சாப்பாட்டுத் திட்டம்) வாங்கியே ஆகணும். மீதி அஞ்சும், அதாவது ஈஸ்ட் கேம்பஸ், ரேண்டம், பர்ட்டன் கானர், மெக்ரெகர், நியூ ஹவுஸ், சொந்தச் சமையல். சமைக்க முடியலைன்னா மீல் பிளான் வேணும்னா வாங்கிக்கலாம், கட்டாயம் இல்ல.

பொண்ணுகிட்ட முதல்ல இதைக் கேளுங்க. மத்த 13 காலமும் அப்புறம்.

---

எடிசன்_அம்மா | ஜூன் 5, காலை 8:20

நன்றி தம்பி. சிம்மன்ஸ் எப்படி இருந்தது? படத்துல பாத்தா பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு மாதிரி இருக்கு.

---

தயிர்சாதம்06 | ஜூன் 5, காலை 9:03

அதேதான்! ஸ்டீவன் ஹால்னு ஒரு கட்டடக் கலைஞர் ஸ்பாஞ்சை மனசுல வெச்சுத்தான் வரைஞ்சார். பத்து மாடி. ஒருத்தர் தங்கற அறைக்கே மூணுக்கு மூணுன்னு ஒன்பது ஜன்னல், ஒவ்வொண்ணும் ரெண்டடிக்கு ரெண்டடி. ஒவ்வொண்ணையும் தனித்தனியாத் தொறக்கலாம். ஜனவரியில ராத்திரி ஒண்ணு மட்டும் சரியா மூடாம இருந்தா எதுன்னு தேடணும், அதுக்கே கம்பளிக்குள்ளேர்ந்து எழுந்து வரணும். சில இடத்துல சுவர் வளைஞ்சு குகை மாதிரி போகும். கட்டிலை எங்க போடறதுன்னு ஒரு நாள் முழுக்க யோசிச்ச பிள்ளைங்க உண்டு.

எனக்குப் பிடிச்சது. ஆனா அது வாஸர் தெருவுல, ரயில் பாதை ஓரம். தூக்கம் லேசானவளுக்கு யோசிச்சுச் சொல்லணும்.

---

சார்லஸ்_கரையோரம் | ஜூன் 5, மாலை 6:31

எடிசன் அக்கா, மெக்கார்மிக் ஏன் முதல்ல வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். பெண்கள் விடுதி. உண்மையைச் சொல்லுங்க, எக்ஸெல்ல அதுக்கு எத்தனை மார்க் போட்டீங்க? :)

நானும் ரெண்டு வருஷம் அங்கதான் இருந்தேன். எங்க அம்மா போட்ட வரிசை. போனப்புறம் எனக்கே பிடிச்சுப் போச்சு. ஆனா அம்மா நெனச்ச காரணத்துக்கு இல்ல. ஆண் பிள்ளைங்க கீழ சாப்பாட்டுக்கூடத்துக்கு வருவாங்க, ஹோம்வொர்க் பண்ண மேலயும் வருவாங்க. யாரும் தடுக்க மாட்டாங்க. பூட்டுப் போட்ட லேடீஸ் ஹாஸ்டல்னு கற்பனை பண்ணிக்காதீங்க.

அந்தக் கட்டடத்துக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. கேத்தரின் டெக்ஸ்டர் மெக்கார்மிக் 1904-ல எம்.ஐ.டி.-ல உயிரியல் பட்டம் வாங்கினவங்க. கருத்தடை மாத்திரை ஆராய்ச்சிக்குக் கைக்காசு கொடுத்தவங்களும் அவங்கதான். பெண்களை நிறையச் சேர்க்க முடியாது, தங்க இடமில்லைன்னு காலேஜ் ரொம்ப காலம் சொல்லிட்டே இருந்தது. சரி, இடம் நான் கட்டித் தர்றேன்னு அவங்க பணம் கொடுத்தாங்க. முதல் கோபுரம் 1963, ரெண்டாவது 1968. விடுதிக்குக் கணவர் ஸ்டான்லி பேரை வெச்சாங்க. மாடியில நின்னா சார்லஸ் நதியும் அந்தப் பக்கம் பாஸ்டனும் தெரியும். நான் கால்குலஸ் படிச்சது எல்லாம் அந்த ஜன்னல் பக்கம்தான்.

மூணாவது வருஷம் பர்ட்டன் கானருக்கு மாறிட்டேன். காரணம்? ரசம். சும்மா சொல்லல. சாப்பாட்டுக்கூடத்துல சைவத்துக்குப் பஞ்சமில்ல, பருப்பு, டோஃபு, பீட்ஸா, சாலட் எல்லாம் உண்டு. ஆனா பிப்ரவரியில சளி பிடிச்சு மூக்கு அடைச்சுக் கிடக்கும்போது மிளகு ரசம் வேணும்னா அங்க யாரு கொடுப்பா? பர்ட்டன் கானர்ல சில அறைங்க சேர்ந்த ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு சமையலறை. இப்ப 2020-லேர்ந்து 2022 வரைக்கும் மூடிப் புதுசாக்கியிருக்காங்க, நான் பாத்த பழைய அடுப்பெல்லாம் போயிருக்கும்.

---

கணக்குப்பிள்ளை_ஆஸ்டின் | ஜூன் 5, இரவு 9:47

காசு பத்தி யாரும் வாயே தொறக்கல. வாடகை எல்லா விடுதிக்கும் ஒண்ணு இல்ல. கட்டடத்தைப் பொறுத்து, அறையில எத்தனை பேருங்கிறதைப் பொறுத்து மாறும். மீல் பிளான் தனிச் செலவு. எம்.ஐ.டி. உதவித்தொகை குடும்ப வருமானத்தைப் பாத்துத்தான், மார்க்குக்காகக் கொடுக்கறது கிடையாது. அந்தக் கணக்குல தங்கறது, சாப்பிடறது ரெண்டும் சேரும். பொண்ணுக்கு வந்த கடிதத்தை எடுத்து ஒரு தடவை வரி வரியாப் படிங்க.

சொந்தச் சமையல் மலிவுன்னு எல்லாரும் சொல்வாங்க. சமைச்சா மலிவு. என் பையன் (வேற காலேஜ்) செப்டம்பர்ல வாரம் ஏழு நாளும் சமைச்சான். அக்டோபர்ல மூணு நாள். நவம்பர்ல ராத்திரி 11 மணிக்கு சீரியலும் பாலும். டிசம்பர்ல கிரெடிட் கார்டு பில்லுல பூராவும் பர்ரிட்டோ. மேகி மட்டும் தெரிஞ்ச பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கூடம்தான். இதுல விவாதமே வேண்டாம்.

---

விடுதி_எலி | ஜூன் 6, அதிகாலை 2:14

விவாதம் வேணும் அங்கிள்.

நான் ஈஸ்ட் கேம்பஸ். வந்தப்ப எனக்கும் மேகிதான் தெரியும். எங்க ஹால்ல (விடுதியில எங்க பகுதி) ஞாயித்துக்கிழமை ஆளுக்கு ஒரு வாரம் சமைப்போம். என் முறை வந்தப்ப அம்மாவை வீடியோல வெச்சு 20 பேருக்கு சாம்பார் பண்ணேன். உப்பு மறந்துட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியல, அதுதான் சோகம்.

எடிசன் ஆன்ட்டியோட எக்ஸெல்ல ஈஸ்ட் கேம்பஸ் ஏன் கீழன்னு தெரியும். படத்துல பச்சைத் தலைமுடி பாத்திருப்பீங்க. ஆமா, இருக்கும். சுவர் முழுக்கப் பெயின்ட் ஓவியம் இருக்கும். ஆகஸ்ட்ல புதுப் பிள்ளைங்க வரும்போது முற்றத்துல மரத்தை அறுத்து, ஆணி அடிச்சு, ஆள் ஏறிப் போற ரோலர்கோஸ்டர் கட்டின வருஷங்கள் உண்டு. எங்க ஹால்ல ட்ரில் மெஷினைத் தொட்டே பாக்காத பிள்ளைங்க வந்து ஒரே வாரத்துல பீம் கணக்குப் போட்டாங்க. எஞ்சினியரிங் படிக்கத்தானே அனுப்பறீங்க?

பழசுன்னு பயமும் வேண்டாம். கட்டடம் 1920-கள்ல கட்டினதுதான், ஆனா 2023-ல மூடி, முழுசா வேலை பாத்து, 2025-ல தொறந்தாங்க. கெண்டல் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல. மத்த விடுதி பெரும்பாலும் மேற்குக் கோடியில கும்பலா இருக்கும், நாங்க மட்டும் கிழக்குல. கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புக்குப் படுக்கையிலேர்ந்து எழுந்து அஞ்சு நிமிஷம்.

---

எடிசன்_அம்மா | ஜூன் 6, காலை 7:02

தம்பி, மணி 2:14-க்கு ஏன் முழிச்சுட்டு இருந்தே? அதைச் சொல்லு முதல்ல.

---

விடுதி_எலி | ஜூன் 6, மதியம் 1:20

இப்பதான் எழுந்தேன் ஆன்ட்டி.

---

ஸ்காபரோ_மாமி | ஜூன் 6, மாலை 4:45

எங்கட மகன் மெக்ரெகரில இருந்தவன். அங்க அநேகமாய் எல்லாருக்கும் தனி அறைதான், முதல் வருசப் பிள்ளைக்கும். பிள்ளை ஒருத்தரோடயும் அறை பங்கு போட்டதில்லை எண்டு எழுதினபடியா சொல்லுறன். ஆறு ஏழு தனி அறையள் சேர்ந்து ஒரு சூட். அதுக்குப் பொதுவாய் ஒரு குசினி, ஒரு குளியலறை. 1970-ல கட்டினது, செங்கல் கோபுரம், ஆத்தங்கரையில.

நான் முதல்ல சரியான சந்தோசப்பட்டன். தனி அறை, கதவைப் பூட்டிப்போட்டுப் படிப்பான் எண்டு. ஆனா முதல் ரெண்டு மாசம் அவன் கதவைப் பூட்டிப்போட்டு ஒருத்தரோடயும் கதையாமல் இருந்திட்டான். எனக்குத் தெரியாது. "சாப்பிட்டியா" எண்டு கேட்டால் "ஓம்" எண்டுவான், அவ்வளவுதான். பிறகு அந்த மாடியில இருக்கிற மேற்படிப்புப் பொடியன் ஒருத்தன் கதவைத் தட்டித் தட்டி வெளியில கூட்டிக்கொண்டு வந்தவன். ஒவ்வொரு விடுதியிலயும் அப்பிடி ஆக்கள் தங்கியிருப்பினம். பேராசிரியர் குடும்பமும் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். அது நல்ல ஏற்பாடு.

விடுதியில பிழை சொல்லேல்லை. தனிய இருந்து பழகின பிள்ளைக்குத் தனி அறை குடுத்தால் இன்னும் தனிச்சுப் போகும், அதைத்தான் சொல்லுறன். தங்கச்சி, உங்கட பிள்ளை எப்பிடி? நாலு பேர் நடுவில போய் இருப்பாளா, மூலைக்குப் போவாளா?

---

எடிசன்_அம்மா | ஜூன் 6, இரவு 11:30

மாமி, நீங்க கேட்டதுக்கு உடனே பதில் போட உக்காந்தேன். யோசிச்சா எனக்கே சரியாத் தெரியல. வீட்டுல மூலை. ஸ்கூல்ல ரோபாட்டிக்ஸ் டீம்ல கேப்டன். எது நிஜம்?

---

குரோம்பேட்டை_பெரியவர் | ஜூன் 7, காலை 5:50

ரெண்டும் நிஜம்தான் அம்மா. எம் பொண்ணும் அப்படித்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். பேக்கர்னு ஒண்ணு சொன்னீங்களே, அது ஏன் படத்துல பாம்பு மாதிரி நெளிஞ்சு கெடக்கு? கட்டினவன் தூக்கத்துல கோடு போட்டானா?

---

சார்லஸ்_கரையோரம் | ஜூன் 7, காலை 8:15

சார், அது அல்வார் ஆல்ட்டோ. ஃபின்லாந்துக்காரர், பெரிய ஆளு. நேராக் கட்டினா முன்வரிசைக்கு மட்டும்தான் நதி தெரியும். வளைச்சா நிறைய அறைக்குத் தெரியும். அதுக்காகத்தான். 1949-ல தொறந்தது. சுவர் வளைஞ்சதால ஒரு அறை மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒருத்திக்கு ஆப்பு வடிவம், பக்கத்தவளுக்குச் சவப்பெட்டி வடிவம். அவங்களே சொல்றதுதான், என்னை அடிக்க வராதீங்க.

வருஷா வருஷம் வசந்தத்துல, பாடத்தை விட்டு விலகக் கடைசி நாள் அன்னைக்கு, கூரையிலேர்ந்து ஒரு பியானோவைத் தள்ளி விடுவாங்க. 1972-ல ஆரம்பிச்ச பழக்கம். வாசிக்கவே முடியாத ஓட்டை பியானோதான்.

---

குரோம்பேட்டை_பெரியவர் | ஜூன் 7, காலை 8:40

1949 எங்க எம்.ஐ.டி. பொறந்த வருஷம்! நாங்க எதையும் கூரையிலேர்ந்து தள்ளலம்மா. ஒரு தடவை வார்டனோட சைக்கிளைக் கூரைக்கு ஏத்தினோம். அது ஏறின கதைதான்.

---

நெறியாளர் | ஜூன் 7, காலை 9:00

பெரியவரே, சைக்கிள் கதைக்குத் தனி இழை தொடங்குங்க. நிச்சயம் கூட்டம் வரும். இங்க விடுதி மட்டும்.

---

மூணாம்_ஆண்டு | ஜூன் 7, மாலை 7:22

பேரு சரியில்லைன்னு கடைசியில போட்டாங்களே, அந்த ரேண்டம் ஹால்ல இருக்கேன் ஆன்ட்டி. :) ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன், இனி தாங்காது.

இங்க மொத்தமே 93 பேர். எம்.ஐ.டி.-யிலேயே சின்ன விடுதி. மசீஹ்ல இதுக்குப் பல மடங்கு இருப்பாங்க. பழைய செங்கல் வீடுகள் ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி, மசாசூசெட்ஸ் அவென்யூல, வளாகத்தை விட்டு வடக்கே கொஞ்சம் தள்ளி இருக்கு. மொட்டை மாடி உண்டு. ஒவ்வொரு மாடியிலயும் சமையலறை. சென்ட்ரல் ஸ்கொயர் கடைத்தெரு பக்கம், கொத்தமல்லி வேணும்னா நடந்து போய் வாங்கிட்டு வந்துடலாம். நதிக்கரை விடுதிக்காரங்களுக்கு அது பெரிய பயணம்.

எல்லாரையும் பேரு சொல்லித் தெரியும். யாருக்காவது உடம்பு முடியலைன்னா ரெண்டு மணி நேரத்துல மாடி முழுக்கத் தெரிஞ்சிடும். குளியலறை காலியா இருக்கா, வாஷிங் மெஷின் ஓடுதான்னு இன்டர்நெட்ல பாக்கிற ஏற்பாட்டை எங்க சீனியர்களுக்கு சீனியர்கள் 1990-கள்லயே பண்ணி வெச்சாங்க. 1994-ல வாங்கின பாலைக் குடிக்காம, கொட்டாம வருஷக்கணக்கா வெச்சிருந்த கதையும் உண்டு. அதைப் பத்தி அதிகம் பேசினா ஆன்ட்டி இன்னும் கீழ இறக்கிடுவாங்க.

குறை இல்லாம இல்ல. பிப்ரவரியில காலை 9 மணி வகுப்புக்கு அந்த அவென்யூல நடந்து பாருங்க, காத்து காதை அறுக்கும். அறைங்க சின்னது. 93 பேர்னா மனஸ்தாபம் வந்தாலும் ஒளிய இடம் கிடையாது. ஒரு செமஸ்டர் முழுக்க நான் ஒருத்தரைப் படிக்கட்டுல தினம் பாத்துப் பேசாம கடந்தேன். அப்புறம் ஒரு நாள் அவளே எலுமிச்சை சாதம் பண்ணி அனுப்பினா, சரியாப் போச்சு.

இன்னொண்ணு யாரும் சொல்லல. இப்ப அனுப்பற வரிசை முடிவான முடிவு இல்ல. விடுதிப் பிள்ளைங்களே எடுத்த வீடியோ ஒவ்வொண்ணுக்கும் இருக்கு. பொண்ணு கண்டிப்பா பாத்திருப்பா. ஆகஸ்ட்ல வந்ததும் சில நாள் எல்லா விடுதியும் கதவைத் தொறந்து வெச்சு, சாப்பாடு போட்டு, கூத்தடிச்சு ஆள் பிடிப்பாங்க. சுத்திப் பாத்துட்டு வேற இடம் வேணும்னா கேக்கலாம். இடம் இருந்தா மாத்திக் கொடுப்பாங்க. விடுதிக்குள்ள எந்த அறைங்கிறதையும் பெரும்பாலும் அங்க இருக்கிற மாணவர்களேதான் பாத்துப் பிரிக்கறாங்க. லேசான தூக்கம்னு எழுதிக் கொடுத்தா பாத்துப் போடுவாங்க.

---

கணக்குப்பிள்ளை_ஆஸ்டின் | ஜூன் 7, இரவு 8:05

இதெல்லாம் சரி. மார்க் போயிடுமே? 93 பேரோட கதை பேசிட்டு இருந்தா படிப்பு எப்ப?

---

மூணாம்_ஆண்டு | ஜூன் 7, இரவு 8:19

அங்கிள், முதல் செமஸ்டருக்கு மார்க்கே கிடையாது. பாஸானா பாஸ்னு மட்டும் வரும். ஃபெயிலானா வெளியில காட்டற மார்க் ஷீட்ல பதிவே வராது. புது இடத்துக்குப் பழகத்தான் அந்த ஏற்பாடு. இங்க தனியா உக்காந்து யாராலயும் ஹோம்வொர்க்கை முடிக்க முடியாது. ராத்திரி லவுஞ்ச்ல ஆறு பேர் தரையில பேப்பரை விரிச்சு உக்காந்திருப்பாங்க, அதுதான் படிப்பு.

---

தயிர்சாதம்06 | ஜூன் 7, இரவு 9:30

இதை ஆமோதிக்கிறேன். எந்த விடுதிக்குப் போனாலும் நம்ம பாடம் எடுத்தவங்க நாலு பேர் மாடியில இருக்காங்களாங்கிறது பெரிய விஷயம். பெரிய விடுதியில அது தானா அமையும். மசீஹ் பத்தி யாரும் எழுதலையேன்னு ஒரு வரி: 1901-ல ஹோட்டலாக் கட்டினது, 2011-ல புதுப்பிச்சுத் தொறந்தாங்க. பிரதான வளாகத்துக்கு எதிர்த்தாப்ல, சாலையைக் கடந்தா வகுப்பு. சோம்பேறிகளின் சொர்க்கம். நியூ வஸார் 2021-ல வந்தது, எனக்கு அனுபவம் இல்ல, புதுசு, சுத்தம். நியூ ஹவுஸ்ல ஃபிரெஞ்சு வீடு, ஸ்பானிஷ் வீடுன்னு மொழிக்கு ஒரு வீடு வெச்சு ஒண்ணாச் சமைச்சுச் சாப்பிடுவாங்க. தமிழ் வீடு இல்ல. ரெண்டு பேர் சேர்ந்தா கேட்டுப் பாக்கலாம்.

---

சார்லஸ்_கரையோரம் | ஜூன் 8, காலை 10:10

சமையல் விடுதிக்குப் போனா ஒரு எச்சரிக்கை. தாளிப்பு.

எந்த விடுதின்னு கேக்காதீங்க. பரீட்சைக்கு முதல் நாள், ராத்திரி 1 மணி, ரசத்துக்கு எண்ணெய் காய வெச்சேன். போன் வந்துச்சு. திரும்பறதுக்குள்ள காஞ்ச மிளகாய் கருகிப் புகை. தீ அலாரம். மொத்தக் கட்டடமும் பனியில, பைஜாமாவுல, அதுல ஒருத்தன் துண்டுல. தீயணைப்பு வண்டி வந்தது. வீரர் மேல வந்து பாத்துட்டு, "நல்ல வாசனை"ன்னு சொல்லிட்டுப் போனார். கீழ நின்ன 300 பேர் அப்படிச் சொல்லல.

கடுகு வெடிச்சா ஒண்ணும் ஆகாது. மிளகாய் கருகக் கூடாது. எண்ணெயை அளவாக் காய வைங்க, மிளகாயைக் கடைசியில போட்டு உடனே இறக்கிடுங்க. மேல இருக்கிற காத்தாடியை முதல்லயே போடணும். அறைக்குள்ள குக்கர், அடுப்புன்னு எதுவும் வேண்டாம், மாட்டினா பிடுங்கிடுவாங்க. சாப்பாட்டுக்கூடம் உள்ள விடுதியிலயும் பொதுச் சமையலறை இருக்கும், ஒரு ரசத்துக்கு அது போதும்.

---

எடிசன்_அம்மா | ஜூன் 9, இரவு 9:55

ஒரு செய்தி. எல்லாரும் சொன்னதை அச்செடுத்து, கோடு போட்டு, எக்ஸெல்ல ரெண்டு காலம் சேர்த்து, இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவகிட்ட உக்காந்தேன். அமைதியாக் கேட்டுட்டு, "அம்மா, நான் போன வியாழக்கிழமையே அனுப்பிட்டேன்"னு சொன்னா.

வியாழக்கிழமைன்னா நான் இந்த இழையைத் தொடங்கின நாள்!

முதல் இடம் ரேண்டம். ரெண்டு பர்ட்டன் கானர். மூணு நெக்ஸ்ட் ஹவுஸ். மெக்கார்மிக் ஏழாவது. ஏன் ரேண்டம்னு கேட்டா, வீடியோல ஒரு பொண்ணு படிக்கட்டுல உக்காந்து பின்னல் போட்டுட்டே வாஷிங் மெஷின் புரோகிராமை விளக்கினாளாம். "அவளோட நான் பேசுவேன்மா"ன்னு சொன்னா. ஸ்காபரோ மாமி, நீங்க கேட்டதுக்கு இதுதான் பதிலோ என்னவோ.

அவ அப்பா சிரிச்சிட்டே இருக்கார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

---

மூணாம்_ஆண்டு | ஜூன் 9, இரவு 10:01

ஆன்ட்டி, பின்னல் போட்டது நான் இல்ல. ஆனா யாருன்னு தெரியும். இன்னைக்கே சொல்லிடறேன்.

---

எடிசன்_அம்மா | செப்டம்பர் 7, மாலை 3:18

இழையை மறுபடி எழுப்பறதுக்கு மன்னிக்கணும். கேட்டிருந்தவங்களுக்காக.

கிடைச்சது மூணாவது. நெக்ஸ்ட் ஹவுஸ். நதிக்கரையில மேற்குக் கோடி, அதுக்கு அந்தப் பக்கம் இந்த 11-ல வேற எதுவும் இல்ல. ரெண்டு பேர் அறை. சாப்பாட்டுக்கூடம் கீழேயே. வகுப்புக்குக் கால் மணி நேர நடை, பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கிட்டா. மழைன்னா ஷட்டில் பஸ்.

மாத்திக்கக் கேக்கற வாரத்துல ரேண்டமுக்குப் போய், மொட்டை மாடியில அவங்க போட்ட பான்கேக்கைச் சாப்பிட்டுட்டு வந்தா. கேப்பான்னு நெனச்சேன். கேக்கல. ஏன்னு விசாரிச்சா, அதுக்குள்ள நெக்ஸ்ட்ல அவ விங்ல இருக்கிற பிள்ளைங்களோட ராத்திரி 3 மணி வரைக்கும் ஏதோ புதிர் வேட்டையாம். லேசான தூக்கம்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். அறைத்தோழி ஒஹையோ பக்கத்துப் பொண்ணு, தூக்கத்துல பேசுவாளாம். இவ எழுந்துக்கறதே இல்லையாம்.

விட்டுட்டு வர்ற அன்னைக்கு நான் அழல. வீட்டுக்குத் திரும்பற வழியில கனெக்டிகட் தாண்டினப்புறம்தான்.

---

ஸ்காபரோ_மாமி | செப்டம்பர் 7, மாலை 5:02

அழுகிறது நல்லது தங்கச்சி. நான் எல்லை தாண்டும் வரைக்கும் அடக்கி வைச்சு, கஸ்டம்ஸ் பொடியன் "என்ன கொண்டு போறியள்" எண்டு கேட்க அப்பதான் அழுதனான். அவன் பயந்து உடனே போகச் சொல்லிட்டான்.

---

எடிசன்_அம்மா | அக்டோபர் 19, காலை 8:44

ஒரு சமையல் கேள்வி, இங்கயே கேக்கறேன். ஞாயித்துக்கிழமை ஆனா ரேண்டம்ல சமைக்கப் போயிடறாளாம், அந்தப் பின்னல் பொண்ணோட மாடிக்கு. புளிக்காய்ச்சல் கேக்கறா. அடுத்த வாரம் அவ அப்பா கார்ல போறார். பிரிட்ஜுல எல்லாருக்கும் சேர்த்து இடம் கம்மியாம். வெளிய வெச்சா எவ்வளவு நாள் தாங்கும்?

---

சார்லஸ்_கரையோரம் | அக்டோபர் 19, காலை 9:30

நல்லெண்ணெய் மேல மிதக்கிற அளவுக்கு விட்டு, நல்லாச் சுண்டக் காய்ச்சி, ஆறினப்புறம் கண்ணாடி பாட்டில்ல. ஈரக் கரண்டி மட்டும் ஆகாது. எங்க அம்மா அனுப்பறது மூணு வாரம் வெளியிலயே இருக்கும். பெருங்காயத்தைத் தனியா அனுப்பிடாதீங்க, பிரிட்ஜுல வெச்சு 93 பேரும் கேஸ் கசியுதுன்னு ஓடுவாங்க.

---

புது_அப்பா_டல்லஸ் | அக்டோபர் 20, இரவு 11:15

இழை முழுக்க இப்பதான் படிச்சேன். பையன் அடுத்த வருஷத்துக்கு விண்ணப்பிக்கிறான், இன்னும் கிடைக்கல, இருந்தாலும் கேக்கறேன். எடிசன் அம்மா, அந்த எக்ஸெல் கிடைக்குமா?

---

எடிசன்_அம்மா | அக்டோபர் 21, காலை 6:50

தர்றேன். ரேண்டம் ஹால் வரியை மட்டும் மாத்தணும், ரெண்டு நாள் பொறுங்க.